பாதி வழியில் நிற்கும் விண்ணப்பத்துக்கு எந்த வெர்ஷன்?

வங்கியில் ஒரு வீட்டுக் கடன் விண்ணப்பம் வழக்கறிஞரின் வில்லங்க அறிக்கைக்காகக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரம் பார்த்து வங்கி தன் நடைமுறையை மாற்றுகிறது. ஆவண ஆய்வுக்கு முன்பே வீடியோ கேஒய்சி முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு படி புதிதாகச் சேர்கிறது. ஆவண ஆய்வைத் தாண்டி நிற்கும் இந்த விண்ணப்பம் பழைய வழியிலேயே போகலாமா, புதிய வழிக்கு மாற வேண்டுமா?

இதற்கான விடை மேலாளரின் மேசையில் இல்லை. பெரும்பாலும் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில், யாரும் தொடாத ஒரு இயல்புநிலைத் தேர்வாக உட்கார்ந்திருக்கிறது.

பெர்லினில் தொடங்கிய கமுண்டா நிறுவனத்தின் மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். வேலையின் படிகளை வரைபடமாக வரைந்து ஏற்றினால் அது வெர்ஷன் 1. திருத்தி மறுபடி ஏற்றினால் வெர்ஷன் 2. இனி வரும் விண்ணப்பங்கள் 2-இல் தொடங்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை 1-இலேயே ஓடி முடியும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017 ரெகுலேஷனில் சேர்ந்தவர், 2021 ரெகுலேஷன் வந்த பிறகும் தன் அரியரைப் பழைய பாடத்திட்டத்தில் எழுதுவது போலத்தான்.

கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் வரைபடம் மட்டும்தான் இப்படிப் பழைய இடத்தில் நிற்கிறது. சிக்கல் இங்கேதான்.

கடன் நடைமுறைக்குள் ‘சொத்து மதிப்பீடு’ என்று ஒரு துணை நடைமுறை இருந்தால், அதை எந்த வெர்ஷனில் அழைப்பது என்பதற்குத் தனித் தேர்வு உண்டு. ஒன்றும் சொல்லாமல் விட்டால், அழைக்கும் நேரத்தில் எது புதியதோ அது வரும். அதாவது தாய் நடைமுறை வெர்ஷன் 1, பிள்ளை வெர்ஷன் 5. இரண்டையும் சேர்த்து யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். தாயோடு சேர்த்து ஏற்றியதையே அழை, இந்த எண்ணுள்ளதை அழை, இந்த அடையாளப் பெயருள்ளதை அழை என்றும் கட்டளையிடலாம். தேர்ந்தெடுக்கத்தான் ஆள் வேண்டும்.

அடுத்தது, ஒவ்வொரு படியிலும் உண்மையில் வேலை செய்யும் ஜாவா நிரல். கமுண்டா 7-இல் ஒரு செயலியைப் புதிதாக ஏற்றும்போது, பழைய வெர்ஷன்களையும் அதே செயலியோடு இணைத்துவிடுவதே இயல்புநிலை. விளைவு: வரைபடம் பழையது, அதை இயக்கும் நிரல் புதியது. பழைய விண்ணப்பத்தில் இல்லாத ஒரு தகவலைப் புதிய நிரல் தேடினால் அந்த விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். வெர்ஷன் எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான் என்பேன்.

டெம்பொரல் என்ற மென்பொருள் இன்னும் கறார். அதில் வரைபடமே கிடையாது, நிரல்தான் நடைமுறை. தடைபட்ட வேலையைத் தொடர, அதுவரை நடந்ததன் பதிவை வைத்து நிரலை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கும். நிரல் மாறி, பதிவோடு பொருந்தாவிட்டால் பிழை காட்டி நகர மறுக்கும். அதனால் ஒவ்வொரு வகை வேலைக்கும் இரண்டில் ஒன்றைச் சொல்லிவைக்க இடம் தருகிறார்கள்: தொடங்கிய வெர்ஷனிலேயே கட்டிப்போடு, அல்லது புதியது வந்ததும் மாற்றிக்கொள். இரண்டாவதைத் தேர்ந்தால், பழைய பதிவும் பொருந்தும்படி நிரலை எழுதுவது நம் பொறுப்பு.

பழையதைப் புதியதுக்கு மாற்றியே ஆக வேண்டும் என்றால் இடமாற்றத் திட்டம் எழுத வேண்டும். பழைய வரைபடத்தின் இந்தப் பெட்டியில் நிற்பது புதியதில் எந்தப் பெட்டிக்குப் போகும் என்ற பட்டியல் அது. விண்ணப்பம் நிற்கும் பெட்டிக்குப் பட்டியலில் இணை இல்லையென்றால் கமுண்டா மாற்ற மறுத்துவிடும். ஐபிஎம்மின் பிபிஎம் மென்பொருளில் புதிய வெர்ஷனை நிறுவும்போதே, ஓடிக்கொண்டிருப்பவற்றை அப்படியே விடவா, மாற்றவா, நீக்கவா என்று கேட்கும். நீக்கப்பட்ட படியில் நின்ற வேலையை மாற்றினால் அது போக்கிடமில்லாமல் அநாதையாகிவிடும். தொழில்நுட்பக்காரர்கள் வைத்த பெயரும் அதேதான்: அநாதை டோக்கன்.

சரி, நம் வீட்டுக் கடனுக்கு என்ன செய்வது? வீடியோ கேஒய்சி எல்லோருக்கும் கட்டாயமா, இனி வருபவர்களுக்கு மட்டுமா என்பதைச் சொல்ல வேண்டியது வங்கியின் விதி. அதைப் புரோகிராமர் ஊகிக்கக் கூடாது. இனி வருபவர்களுக்கு மட்டும் என்றால் கட்டிப்போடுவதே நல்லது. விண்ணப்பம் சில வாரங்களில் முடிந்துவிடும். பழைய வெர்ஷன் காலியானதும் அதன் நிரலை எடுத்துவிடலாம். எல்லோருக்கும் என்றால், வில்லங்க அறிக்கைக்குக் காத்திருப்பவரைப் பின்னுக்கு இழுக்காமல், பணம் வழங்கும் முன் அந்தப் படியை வைப்பதுபோலத் திட்டம் எழுதலாம்.

கடன் கொடுத்த பிறகு ஓடும் தவணை வசூல் நடைமுறை வேறு கதை. அது 20 ஆண்டு உயிரோடு இருக்கும். அதையும் தொடங்கிய வெர்ஷனில் கட்டிப்போட்டால், இன்றைய நிரலை 20 ஆண்டுக்குப் பராமரிக்க ஆள் வைக்க வேண்டும். அங்கே இடமாற்றத் திட்டத்துக்கான செலவை முதல் நாளே கணக்கில் எழுதிவிடுவது மலிவு.