பழைய பிரேக் வாங்கலாமா? இரும்புக்கு ஓகே, ரப்பருக்கு நோ

இந்த எபிசோட்ல கார் பிரேக் பத்திப் பேசப் போறோம். அதுவும் செகண்ட் ஹேண்ட் பிரேக். நம்ம கேட்கிறவங்கள்ல நிறைய பேர் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடின சின்ன கார் ஒண்ணைக் கைமாத்தி வாங்கினவங்க. அப்படி வாங்கின வண்டிக்கு வர்ற முதல் பெரிய செலவு பெரும்பாலும் இதுதான்: "முன் வீல்ல காலிப்பர் ஜாம் ஆயிருக்கு, மாத்தணும்." புதுசு விலையைக் கேட்டா தலை சுத்தும். உடனே அடுத்த கேள்வி வரும்: "புதுப்பேட்டைல பழசு கிடைக்கும், போட்டுடலாமா?"

அனகாபுத்தூர்ல எங்க வீட்டு ஆல்டோவுக்கும் இதே கதைதான். தெரு முனைல கடை வச்சிருக்கிற மெக்கானிக் அண்ணன் கிட்ட இதைக் கேட்டேன். அவர் சொன்னது: "தம்பி, இரும்பு பழசா இருக்கலாம். ரப்பர் பழசா இருக்கக் கூடாது." இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு வரியோட விளக்கம்தான். நான் சேர்க்கிறது இன்னும் ரெண்டே ரெண்டு: பேடும் ஷூ லைனிங்கும் பழசு வேண்டாம், பிரேக் ஆயிலும் பழசு வேண்டாம்.

பிரேக் உண்மையில என்ன பண்ணுது?

பிரேக் வேகத்தை வெப்பமா மாத்துது. அவ்வளவுதான். ஆளோட சேர்த்து 1000 கிலோ இருக்கிற ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர்ல போகுதுன்னு வைங்க. அதை நிறுத்தும்போது கிட்டத்தட்ட 139 கிலோஜூல் சக்தி வெப்பமா மாறணும். ஒரு லிட்டர் தண்ணியை 30 டிகிரியிலிருந்து 63 டிகிரிக்குச் சூடு பண்ண அது போதும். அதே கார் 80-ல போனா? வேகம் மூணுல ஒரு பங்குதான் கூடியிருக்கு. ஆனா வெப்பம் 247 கிலோஜூல். அந்த ஒரு லிட்டர் தண்ணி 89 டிகிரிக்குப் போயிடும். இது ஒரே ஒரு தடவை நிறுத்துறதுக்கு. பல்லாவரம் சிக்னல்லயும் ஜிஎஸ்டி ரோட்லயும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிறுத்துறோம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

நிறுத்தும்போது வண்டியோட எடை முன்பக்கம் சாயும். அதனால முன் வீல் பிரேக்தான் அதிக வேலை செய்யும். சின்ன கார்கள்ல முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம்னு வைக்கிறதுக்கு இது ஒரு காரணம்.

நீங்க பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். ஆயில் குழாய் வழியாப் போய் காலிப்பருக்குள்ள இருக்கிற பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடை டிஸ்க்கோட அழுத்தும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால கால் கொடுக்கிற அழுத்தம் அப்படியே வீல் வரைக்கும் போகும். குழாய்க்குள்ள காத்தோ நீராவியோ நுழைஞ்சா அது சுருங்கிடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது.

ரப்பர் மேல ஏன் இவ்வளவு கவனம்?

காலிப்பர் பிஸ்டனைச் சுத்தி சதுர வெட்டு கொண்ட ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது காலிப்பர்ல இருக்கிற பள்ளத்துல உட்கார்ந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது பிஸ்டன் வெளிய வரும், அதோட சேர்ந்து ரப்பர் லேசா முறுங்கும். காலை எடுத்ததும் ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பும், திரும்பும்போது பிஸ்டனையும் கொஞ்சம் உள்ள இழுத்துக்கும். ஒரு மில்லிமீட்டர்ல சின்னப் பகுதிதான். ஆனா அந்த இடைவெளிதான் வீலைச் சுதந்திரமாச் சுத்த விடுது.

ரப்பர் வயசாகி இறுகிட்டா இந்தத் திரும்புற வேலை நடக்காது. பேடு டிஸ்க்கை உரசிக்கிட்டே இருக்கும். ஒரு பக்க வீல் மட்டும் சூடாகும், மைலேஜ் குறையும், கருகின வாசனை வரும். "காலிப்பர் ஜாம்"னு சொல்றதுல பாதி இதுதான். மீதிப் பாதி, தூசி மறைக்கிற ரப்பர் கிழிஞ்சு, தண்ணி உள்ள போய், பிஸ்டனும் கைடு பின்னும் துருப்பிடிக்கிறது.

இதுல ஒரு நல்ல செய்தி இருக்கு. டிஸ்க் காலிப்பர்ல ரப்பர் பள்ளத்துல அசையாம இருக்கும். அதை உரசிப் போறது பிஸ்டன்தான். அதனால காலிப்பர் துளையில லேசான துரு இருந்தா சுத்தம் பண்ணிடலாம். பிஸ்டன் வழவழப்பா இருந்தாலே பாதி வேலை முடிஞ்சது. மாஸ்டர் சிலிண்டர்லயும் பின் டிரம்ல இருக்கிற வீல் சிலிண்டர்லயும் கதை தலைகீழ். அங்க ரப்பர் பிஸ்டனோட சேர்ந்து நகரும், சிலிண்டர் சுவரை உரசிக்கிட்டே போகும். சுவர்ல ஒரு கீறலோ குழியோ இருந்தா போதும், புது ரப்பரையும் கிழிச்சுடும். அதனால காலிப்பர் உடம்பைப் பழசா வாங்கலாம். மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டரும் புதுசு வாங்குறதுதான் நல்லது. ஏபிஎஸ் யூனிட்டையும் பழசு வாங்காதீங்க. அதுக்குள்ள எலக்ட்ரானிக்ஸ் இருக்கு, வெளிய இருந்து பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது.

கடையில எதைப் பார்க்கணும்?

எழும்பூர் பக்கத்துல புதுப்பேட்டை. கூவம் கரையோரம் தெருத் தெருவா பழைய வண்டிப் பாகங்கள். நம்ம பக்கத்துல இருந்து போறவங்க பல்லாவரத்துல லோக்கல் ரயில் ஏறி எழும்பூர்ல இறங்கினா போதும். வேடிக்கை என்னன்னா, இதே சென்னைல பாடியில 1962-லிருந்து பிரேக்ஸ் இந்தியா கம்பெனி புதுசா பிரேக் தயாரிக்குது. புதுசு பிறக்கிறதும் பழசு மறுபடி கைமாறுறதும் ஒரே ஊர்லதான்.

போகும்போது உங்க பழைய காலிப்பரைக் கழட்டிக் கையில எடுத்துட்டுப் போங்க. அதே மாடல் கார்னாலும் வருஷத்துக்கு வருஷம் பாகம் மாறியிருக்கலாம். பிஸ்டன் விட்டத்தை வெர்னியர் வச்சு அளங்க. ஒரு பக்கம் 48 மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் 51-னு வச்சுக்கோங்க. மூணு மில்லிமீட்டர்தானேன்னு தோணும். ஆனா பரப்பளவு கிட்டத்தட்ட 13 சதவீதம் கூடும், அழுத்துற விசையும் அவ்வளவு கூடும். சடன் பிரேக் போட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

அடுத்தது, ஆயில்ல இருந்து காத்து எடுக்கிற நிப்பிள். அது துருவேறி இறுகியிருந்தாலோ உடைஞ்சிருந்தாலோ அந்தக் காலிப்பரை வைச்சுட்டு வந்துடுங்க. இடது, வலது குழப்பமும் வேண்டாம். வண்டியில மாட்டினா நிப்பிள் மேல் பக்கம் இருக்கணும். காத்து மேலதான் போகும். நிப்பிள் கீழ வந்துட்டா எத்தனை தடவை காத்து எடுத்தாலும் உள்ள கொஞ்சம் தங்கிடும்.

டிஸ்க் பழசு பார்த்தா, குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவுன்னு அதுலயே பொறிச்சிருக்கும், இல்லன்னா கார் சர்வீஸ் புத்தகத்துல இருக்கும். தேய்ஞ்ச டிஸ்க் வெப்பத்தைத் தாங்காது. லேத்ல கொடுத்துக் கடைஞ்சா பளபளன்னு ஆகும், ஆனா இன்னும் மெலிஞ்சுடும். டிரம்முக்கு இதுவே எதிர்ப்பக்கம். உள் விட்டம் எவ்வளவு வரை பெருசாகலாம்னு ஒரு எல்லை உண்டு. ஏதாவது விரிசல் கண்ணுல பட்டா விலை பேசவே வேண்டாம். வாங்கினதுக்கு ஒரு பில் கேளுங்க. அந்தப் பாகம் எந்த வண்டியில இருந்து வந்ததுன்னு நாளைக்கு யாராவது கேட்டா உங்க கையில இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

வெள்ளத்துல கிடந்த பாகம்

இது நம்ம பக்கத்துக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். அனகாபுத்தூர் அடையாற்றங்கரைல இருக்கு. 2015 டிசம்பர்ல ஆறு ஊருக்குள்ள வந்ததை யாரும் மறக்கல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ பள்ளிக்கரணைல கார்கள் தண்ணியில மிதந்த வீடியோவையும் பார்த்திருப்பீங்க. இப்படி மூழ்கின கார் சிலது ரிப்பேர் ஆகும், சிலது காயலான் கடைக்குப் போகும். அங்க இருந்து பாகம் பாகமாத் திரும்ப வரும்.

கண்டுபிடிக்கிறது எப்படி? தூசி ரப்பரை லேசா விலக்கிப் பாருங்க. மடிப்புக்குள்ள நைஸான களிமண் இருந்தா அது ரோட்டுத் தூசி இல்ல. கைடு பின்னை வெளிய இழுங்க. கிரீஸுக்குப் பதிலா காபி நிறத்துல சேறு வந்தா வேண்டாம். அலுமினியப் பாகத்துல வெள்ளைப் பொடி பூத்திருந்தாலும் அப்படித்தான். வெளிய புதுசா கறுப்பு பெயிண்ட் அடிச்சிருந்தா, உள்ள இன்னும் கவனமாப் பாருங்க.

பிரிச்சுப் புதுப்பிக்கிறது

முதல்ல ஒரு விஷயம். இதைப் பண்ணிப் பழகின ஒருத்தர் கூட இருக்கணும். இது ஸ்பீக்கர் மாட்டுற வேலை இல்ல.

பழைய பிரேக் தூசியைக் காத்து அடிச்சு ஊதாதீங்க. பழைய காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியாலயோ பிரேக் கிளீனராலயோ துடைங்க. பிஸ்டனைக் கழட்ட கம்ப்ரஸர் காத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும், எதிர்ல ஒரு மரக்கட்டை இருக்கணும். இல்லன்னா பிஸ்டன் குண்டு மாதிரிப் பாயும், விரல் நசுங்கிடும்.

வெளிய வந்த பிஸ்டன்ல நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் எங்கயாவது மாட்டினா அங்க குழி இருக்கு. எமரி பேப்பர் போட்டுத் தேய்க்காதீங்க, மேல இருக்கிற குரோம் பூச்சு போயிடும், அப்புறம் துரு வேகமா வரும். புது பிஸ்டன் வாங்குங்க. ரப்பர் எல்லாம் சேர்ந்து கிட்டா கிடைக்கும். பழைய ரப்பர் பார்க்க நல்லா இருந்தாலும் தூக்கிப் போடுங்க. ஆயில் குழாய் சேர்ற இடத்துல வர்ற வாஷரும் புதுசு போடுங்க.

ரப்பர் மேல பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ் எதுவும் படக் கூடாது. பிரேக் ரப்பர் பெட்ரோலியத்தைக் குடிச்சா ஊதிடும். புது ரப்பரை மாட்டும்போது புது பிரேக் ஆயிலைத் தடவினா போதும். கைடு பின்னுக்குன்னு தனியா பிரேக் கிரீஸ் விக்கிது.

ஆயில் விஷயம். சாதாரண பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு தரம் வச்சிருக்காங்க. 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்ததும் அந்த எல்லை 155-க்கு இறங்கிடும். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினா பழைய ஆயில் கொதிச்சு நீராவி ஆகும், பெடல் காலுக்குக் கீழ காணாமப் போகும். அதனால எப்பவும் சீல் உடைக்காத டப்பா. போன வருஷம் பாதி மிச்சம் வச்ச டப்பா வேண்டாம். மலை இறங்கும்போது கியரைக் குறைச்சுக்கோங்க.

மாட்டின பிறகு

பேடை ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்துங்க. காத்து எடுத்து முடிச்சதும், இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு, அழுத்திப் பிடிச்சு ஒரு நிமிஷம் வைங்க. கால் மெதுவா உள்ள இறங்கினா எங்கயோ கசியுது, இல்ல மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளயே விடுது. வண்டியை எடுக்காதீங்க. பெடல் நின்னா, அப்படியே மிதிச்சபடி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க. லேசா ஒரு இறக்கம் இருக்கணும். பூஸ்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

அப்புறம் ஆள் இல்லாத தெருவுல நடை வேகத்துல பிரேக் போட்டுப் பாருங்க. நேரா நிக்குதா? அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து ஒவ்வொரு வீல் பக்கத்துலயும் கையைக் கொண்டு போங்க, தொடாதீங்க. ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அது இன்னும் உரசுது. ஆயில் அளவை அடுத்த ஒரு வாரம் தினமும் காலையில பாருங்க.

எங்க வண்டியில காலிப்பர் உடம்பு பழசு. பிஸ்டன், ரப்பர் கிட், வாஷர், பேட், ஆயில் எல்லாம் புதுசு. கூலியோட சேர்த்தும் புது காலிப்பர் விலையில பாதிக்கும் கீழதான் ஆச்சு. மிச்சம் பிடிச்சது இரும்புல மட்டும்தான். அதே பழைய பிஸ்டன், பழைய ரப்பரோட அப்படியே மாட்டியிருந்தா இன்னும் கொஞ்சம் மிச்சம் ஆயிருக்கும். ஆனா 60-ல போற வண்டி ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் நகரும். பெடல் ஒரு நொடி ஏமாத்தினா, முன்னாடி ரோட்டைக் கடக்கிற ஆளுக்கும் உங்களுக்கும் நடுவுல அந்த 17 மீட்டர் இருக்காது.

கடைக்காரர் "எல்லாம் நல்ல கண்டிஷன், அப்படியே மாட்டுங்க"ன்னு சொன்னா, சிரிச்சுக்கிட்டே காலிப்பரை வாங்கிக்கோங்க. போற வழியில ரப்பர் கிட்டும் வாங்கிடுங்க.