'பொன்னியின் செல்வன்' முடிச்சாச்சு... அடுத்து என்ன? பதில் திண்டிவனத்திலேயே இருக்கு!

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முடித்தாயிற்று. 'சிவகாமியின் சபதம்', 'பார்த்திபன் கனவு' இரண்டும் ஆயிற்று. அடுத்து என்ன படிப்பது?

பழந்தமிழ் மீது ஆசை வந்தவர்கள் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஆர்வமாகப் புறநானூற்றைக் கையில் எடுப்போம். நாலு பாட்டு தாண்டுவதற்குள் சொற்கள் மிரட்டும். 'இதெல்லாம் புலவர்களுக்கு' என்று மூடிவைத்துவிடுவோம். அதன்பிறகு அந்தப் பக்கமே போக மாட்டோம்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. உங்கள் ஊர் வருகிற நூலில் இருந்து தொடங்குங்கள்!

கிடங்கல் தெரியும்தானே?

இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இருக்கும் கிடங்கல், சங்க காலத்தில் 'கிடங்கில்'. ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பற்றி நல்லூர் நத்தத்தனார் பாடியதுதான் 'சிறுபாணாற்றுப்படை'. பத்துப்பாட்டில் ஒன்று. மொத்தமே 269 அடிகள்.

கதை எளிது. பரிசு வாங்கித் திரும்பும் பாணன், வழியில் பார்க்கும் ஏழைப் பாணனிடம், 'நீயும் அவனிடம் போ' என்று வழி சொல்கிறான். எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதுகூட அதில் உண்டு. எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன் கருவாடு, வேலூரில் புளி சேர்த்த சூடான சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், இந்த வேலூர் உப்புவேலூர் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மூடிய கதவு, மூடாத வாசல்

இந்த நூலில் ஒரு காட்சியை மறக்கவே முடியாது. தன் பழைய வறுமையைப் பாணன் சொல்கிறான். அடுக்களையில் குட்டி போட்ட நாய், கொடுக்கப் பால் இல்லாமல் வலியில் குரைக்கிறது. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு சாப்பிடுகிறாள்.

அப்படிப்பட்ட வீட்டில் இருந்து புறப்பட்டவன் போய்ச் சேர்வது எங்கே? வருகிறவர்களுக்கு அடைக்காத வாசல் கொண்ட நல்லியக்கோடன் வீட்டுக்கு. அரசன் தானே பக்கத்தில் நின்று, பொன் கலத்தில் உணவு பரிமாறுகிறான். சுமார் 2,000 வருடங்களுக்கு முந்தைய பாட்டு. ஆனால் பசியும் மானமும் நமக்குப் புதிதா என்ன?

அடுத்தது உள்ளேயே இருக்கு

இந்த நூலே அடுத்த நூலுக்கும் வழி காட்டிவிடும். பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி என ஏழு வள்ளல்களும் இதில் வருகிறார்கள். காரி யார்? திருக்கோவிலூர் மலையமான் திருமுடிக்காரி. கல்கி கதையில் வரும் திருக்கோவலூர் மலையமான் நினைவுக்கு வருகிறாரா? அதே மலையமான் பெயர்தான்.

இப்போது புறநானூற்றைத் திறங்கள். முதல் பாட்டில் இருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். காரி, பாரி, அதியமான் பாடல்களை மட்டும் தேடுங்கள். 176-வது பாட்டு நம்ம நல்லியக்கோடனைப் பற்றியது. தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும்.

பிறகு கம்பராமாயணம். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர், விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர். அந்த நன்றியைக் கம்பர் தன் காவியத்திலேயே பதிவு செய்திருக்கிறார்.

எப்படிப் படிப்பது?

பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தது 1889-ல். இன்று அது உங்கள் போனிலேயே இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மூலமும் உரையும் இலவசமாகக் கிடைக்கின்றன. புத்தகமாக வேண்டுமென்றால் பொ.வே.சோமசுந்தரனார் உரையை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

முதலில் உரையைப் படியுங்கள், பிறகு பாட்டுக்கு வாருங்கள். தினமும் 20 அடி போதும், இரண்டே வாரத்தில் நூல் முடிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடங்கல் வரை ஒரு நடை போய்விட்டு வந்தும் தொடங்கலாம்!