குற்றத் தொடரில் ஒரு பொருளியல் வகுப்பு

தேவை விதி, நெகிழ்ச்சி, முற்றுரிமை என்று நாம் படிப்பவை எல்லாம் தேர்வு மண்டபத்தோடு முடிந்துவிடுகின்றன என்று நண்பர்கள் பலர் கூறக் கேட்கிறேன். அவர்களுக்கு மறுமொழியாக ஒரு தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். 2002 முதல் 2008 வரை அமெரிக்காவில் 60 பகுதிகளாக ஒளிபரப்பான 'தி வயர்' என்பதே அது. பால்டிமோர் நகரின் போதைப்பொருள் வணிகத்தையும், அதனைத் துரத்தும் காவலர்களையும் பற்றிய கதை. உருவாக்கிய டேவிட் சைமன் அந்நகர நாளிதழில் செய்தியாளராக இருந்தவர்; அவருடன் எழுதிய எட் பர்ன்ஸ் அங்கே துப்பறியும் காவலராகவும் பின்னர்ப் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர்.

இதில் ஸ்ட்ரிங்கர் பெல் என்றொரு பாத்திரம். ஏவன் பார்க்ஸ்டேல் என்பவனின் கும்பலில் இரண்டாம் இடத்தில் இருப்பவன். அவனும் நம்மைப் போலவே கல்லூரிக்குச் சென்று பொருளியல் படிக்கிறான்!

நெகிழ்ச்சி

ஊர் கண்ணை மறைக்க அவனுக்கு ஒரு நகலெடுக்கும் கடை உண்டு. அங்கே வேலையாட்கள் அசட்டையாக இருப்பதைக் கண்டு, வகுப்பில் கேட்ட நெகிழ்ச்சியை அவர்களுக்கு விளக்குகிறான். வாடிக்கையாளர் வேறு கடைக்கு எளிதில் போய்விடுவார் என்பது அவன் வாதம்.

போதைப்பொருளின் நிலை வேறு. அடிமைப்பட்டவருக்கு அதற்குப் பதிலீட்டுப் பண்டம் இல்லை. எனவே தேவை நெகிழ்ச்சி குறைவு. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். விலை 10 டாலராக இருக்கையில் 100 பொட்டலங்கள் விற்றால் வருவாய் 1,000 டாலர். காவலர் சரக்கைக் கைப்பற்றுவதால் அளிப்புக் குறைந்து, விலை 15 டாலராகி, 90 பொட்டலங்களே விற்கின்றன என்போம். வருவாய் 1,350 டாலராக உயர்கிறது! அந்த அதிகப்படி 350 டாலர் பெரும்பாலும் திருட்டிலிருந்தே வரவேண்டியிருக்கும். அளிப்பை மட்டும் தாக்காமல், மருத்துவத்தால் தேவையையும் குறைக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

ஆனால் சந்தைத் தேவை வேறு, தனியொரு விற்பனையாளன் எதிர்கொள்ளும் தேவை வேறு. அடுத்த தெருவில் நல்ல சரக்கு கிடைத்தால் வாங்குவோர் அங்கே போய்விடுவர். தன் சரக்கின் தரம் குறைந்தபோது ஸ்ட்ரிங்கர் அதே சரக்கைப் புதிய பெயரில் விற்கச் செய்வது இதனால்தான்.

பரிமாற்றமும் கூட்டும்

பார்க்ஸ்டேல் கும்பலிடம் நல்ல விற்பனை இடம் இருந்தது. நல்ல சரக்கு இல்லை. எதிரியான ஜோவிடம் நல்ல சரக்கு இருந்தது, இடம் போதவில்லை. இருவரும் பகிர்ந்துகொண்டால் இருவருக்கும் ஆதாயம் என்று கண்டான் ஸ்ட்ரிங்கர். பின்னர் வணிகர் பலர் கூடி மொத்தமாகச் சரக்கு வாங்கும் கூட்டு ஒன்றும் அமைகிறது. சண்டை குறைந்தால் செலவும் குறையும் என்பது கணக்கு. ஆனால் மார்லோ என்ற இளைஞன் கூட்டில் சேர மறுத்து, அதே தெருக்களைக் கைப்பற்ற முனைகிறான். கூட்டுக்கு வெளியே நிற்கும் ஒரு போட்டியாளன் போதும், கூட்டு ஆட்டம் காண்பதற்கு!

பாடநூலின் மௌனம்

இத்தனை கற்றவன் ஏன் தோற்றான்? நம் கடைவீதியில் கடன் வாங்கியவர் ஏமாற்றினால் புரோநோட்டோடு நீதிமன்றம் செல்லலாம். ஸ்ட்ரிங்கரால் அது இயலாது. அனுமதி பெற்றுத் தருவதாகக் கூறி அரசியல்வாதி ஒருவர் அவன் பணத்தைச் சுருட்டிக்கொள்கிறார். அவன் எந்த நீதிபதியிடம் முறையிடுவான்? அவரைக் கொல்லவேண்டும் என்றுதான் அவனுக்குத் தோன்றுகிறது.

வாலஸ் என்ற 16 வயதுச் சிறுவன் காவலரிடம் பேசிவிட்டான் என்ற ஐயம் எழுந்தபோது, அவனுடைய தோழர்களைக் கொண்டே அவனைக் கொல்லச் செய்தவனும் இதே ஸ்ட்ரிங்கர்தான். சட்டம் நுழையாத சந்தையில் ஒப்பந்தத்தைக் காப்பது துப்பாக்கி ஒன்றே. அச்செலவு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. வாலஸ் போன்ற சிறுவர்களே அதைச் செலுத்துகின்றனர். முடிவில் ஸ்ட்ரிங்கரும், தான் எழுப்பிக்கொண்டிருந்த கட்டடத்திலேயே சுடப்பட்டு இறக்கிறான்.

அவன் இறந்தபின் அவன் வீட்டுப் புத்தக அடுக்கில் ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' இருக்கக் காண்கிறார் துப்பறிவாளர். நூல் சரியானதே. ஆனால், நாம் ஒவ்வொரு விதியின் முன்னும் எழுதுகிறோமே, 'பிற நிலைமைகள் மாறாதிருக்கும்போது' என்று, அந்தப் பிற நிலைமைகளில் நீதிமன்றமும் நம்பிக்கையும் அடங்கியுள்ளன. அவை இல்லாத இடத்தில் வரைபடம் மட்டும் சந்தையாகிவிடாது. தேர்வில் அத்தொடரை எழுதும் ஒவ்வொரு முறையும் நாம் இதனை நினைவிற் கொள்வோமாக.