கையெழுத்துப் போடும் தகுதி

மட்டாஞ்சேரியின் பழைய மரக்கூரைக் கட்டிடங்களில் ஒயரிங் செய்பவர்களுக்கு ஒரே எதிரி உப்புக்காற்று. ஒயர் முனையில் பச்சைக் களிம்பு ஏறினால் இணைப்பு சூடாகும், மிஞ்சினால் தீ. கைப்பழக்கம் மட்டும் இங்கே போதாது.

சட்டமும் அதையே சொல்கிறது. பல்பு, ஃபியூஸ் போன்றவற்றை மாற்றலாம். அதற்கு மேல் என்றால், முன்பு நடைமுறையில் இருந்த 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆவது விதிப்படி, வேலையை எடுப்பவர் லைசென்ஸ் பெற்ற காண்ட்ராக்டர். மேற்பார்ப்பவர் தகுதிச் சான்றிதழ் பெற்ற சூப்பர்வைசர். செய்பவர் பர்மிட் உள்ள வயர்மேன். மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளிலும் இந்த மூன்றடுக்கு மாறவில்லை. கேரளத்தில் இவற்றை வழங்குவது மாநில மின் லைசென்சிங் போர்டு.

பத்து வருடம் பைப் பதித்தவரையும் தடுமாற வைப்பது 'ஏன்' என்ற கேள்விதான். எர்த் குழியில் கரியும் உப்பும் எதற்கு? ஈரம் தங்கி, மண்ணின் மின்தடை குறைவதற்கு. ஒயரின் காப்பை 500 வோல்ட் மெக்கரால் சோதித்தால் எவ்வளவு காட்ட வேண்டும்? குறைந்தது 1 மெகாஓம். உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. எவ்வளவு கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்? 30 மில்லிஆம்பியர்.

படித்துத் தேறினால் லாபம் என்ன? வேலை முடிந்ததும் சோதனை அறிக்கையில் கையெழுத்திடுபவரே அந்த வீட்டுக்குப் பொறுப்பாளி. சான்றிதழ் இல்லாத கைக்குக் கூலி உண்டு, கையெழுத்து கிடையாது.