ஆழமான படுக்கைப் புண்ணும் அதை மூடும் அறுவையும்

நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் இரத்தம் நுழையும் முனையில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரசம் என்று 1930ஆம் ஆண்டில் அமெரிக்க உடலியலாளர் லாண்டிஸ் அளந்து காட்டினார். எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே அகப்பட்ட சதையின்மேல் இதைவிட மிகுந்த அழுத்தம் நெடுநேரம் நீங்காமல் நின்றால், அங்கே இரத்தம் புகமுடியாமல் போய், அந்தச் சதை அழியத் தொடங்குகிறது. நலமுள்ளவர் உறக்கத்திலும் அசௌகரியத்தை உணர்ந்து தாமாகவே புரண்டு படுத்துவிடுகிறார். தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவருக்கு அந்த எச்சரிக்கை எட்டுவதில்லை, பக்கவாதத்தில் கிடக்கும் முதியவருக்கு எட்டினாலும் அசைய இயலுவதில்லை. படுக்கைப் புண் எனப்படும் அழுத்தப் புண் இவர்களையே தேடி வருகிறது.

தோலைவிடத் தசை இரத்தக் குறைவை விரைவில் தாங்கமுடியாமல் போகும் என்பதும், அழுத்தம் எலும்பை ஒட்டிய இடத்திலேயே உச்சமாக இருக்கும் என்பதும் இந்தப் புண்ணின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. வெளியே ஒரு ரூபாய் நாணயமளவே திறப்பு தெரிய, உள்ளே எலும்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் குழி விரிந்திருப்பது அரிதன்று; வீட்டார் புண்ணின் அளவை வாய்ப்புறத்தைக் கொண்டு மதிப்பிட்டு ஏமாறுவதும் இதனால்தான். மருத்துவர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றனர். தோல் சிவப்பதும் மேல்தோல் உரிவதுமான முதலிரு நிலைகள் அழுத்தத்தை நீக்கினால் பெரும்பாலும் ஆறிவிடும். கொழுப்பு தெரியுமளவுக்கு ஆழ்ந்த மூன்றாம் நிலையிலும், தசையோ எலும்போ தெரியும் நான்காம் நிலையிலுமே அறுவை பற்றிய பேச்சு எழுகிறது. இவற்றில் தொற்று எலும்புக்கும் இரத்தத்துக்கும் பரவி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சூப்பர்மேனாக நடித்துப் புகழ்பெற்று, பின்னர் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த கிறிஸ்டோபர் ரீவ், 2004 அக்டோபரில் இறந்த காலத்தில் அழுத்தப் புண்ணிலிருந்து பரவிய தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்தார் என்பது, சிறந்த பராமரிப்பு வாய்த்தவரையும் இது விடுவதில்லை என்பதற்குச் சான்று.

பிரெஞ்சு நரம்பியல் மேதை ஷார்கோ, நரம்பு மண்டலம் சேதமடைவதே இப்புண்ணை நேரடியாக உண்டாக்குகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கருதினார். அக்கருத்தின்படி புண் வருவது தவிர்க்கமுடியாததாகிவிட, செவிலியர் செய்யக்கூடியது ஏதுமில்லை என்ற மனநிலை நெடுங்காலம் நிலவியது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டச் செய்து அந்த மனநிலையை உடைத்தார். அதே காலத்தில் பெனிசிலின் கைக்கு வந்ததால், போரில் முடங்கிய வீரர்களின் புண்களைத் துணிந்து அறுத்து மூடும் முயற்சிகள் அமெரிக்காவில் தொடங்கின. உள்ளே துருத்திய எலும்பைச் செதுக்கி அதன்மேல் சதை வைத்து மூடவேண்டும் என்ற நெறி அடுத்த சில ஆண்டுகளில் உருவாகி இன்றுவரை நிற்கிறது.

மற்ற அறுவைகளில் முன்தயாரிப்பு ஓரிரு நாள் வேலை என்றால், இங்கே அது பல வாரங்கள் நீளக்கூடியது. அழுகிய சதையை முதலில் வெட்டி அகற்றி, காயத்தின்மேல் நுரைப்பஞ்சு வைத்துக் காற்றுப் புகாமல் ஒட்டி, கசிவைத் தொடர்ந்து உறிஞ்சும் வேக் கருவியைப் பொருத்திக் குழியைச் சுத்தமாக்குவதுண்டு. எலும்பில் தொற்று ஏறியிருக்கும் என்ற ஐயம் எழுந்தால் அதன் துணுக்கை எடுத்துச் சோதித்து அதற்கேற்ற நுண்ணுயிர்க்கொல்லி தரப்படும். புண்ணிலிருந்து வடியும் நீரோடு புரதமும் வெளியேறுவதால் நோயாளி மெலிந்தே இருப்பார். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் புரதம் சேரும்படி உணவைத் திருத்தாமல் தைத்த தையல் ஆறுமென்று எதிர்பார்ப்பது வீண். கால்கள் தாமாக இழுத்துக்கொள்ளும் தசை இறுக்கத்தையும் மருந்தால் அடக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரே இழுப்பில் தையல் பிரிந்துவிடும். மலம் காயத்தில் படுவதைத் தடுக்க இயலாத நிலையில், வயிற்றுவழியே மலம் வெளியேறத் தற்காலிகத் துளை அமைப்பதும் உண்டு. பல ஆண்டுகள் ஆறாத புண்ணின் விளிம்பில் அரிதாகப் புற்றுநோய் தோன்றுவதால், சந்தேகமான இடத்தின் துணுக்கும் பரிசோதனைக்குச் செல்கிறது.

அறுவையின்போது குழிக்குள் நீலச் சாயத்தைப் பூசி, சாயம் படிந்த உட்சுவர் முழுவதையும் ஒரு பையைப்போல எடுத்துவிடுகிறார்கள். வழுவழுப்பான அந்தச் சுவரில் கொஞ்சம் மிஞ்சினாலும் மேலே போர்த்தும் சதை ஒட்டாது. எலும்பின் கூரிய முனை அளவோடு செதுக்கப்படுகிறது. உட்காரும்போது எடை தாங்கும் இருக்கை எலும்பை முழுவதும் எடுத்துவிட்டால் சுமை மறுபக்கத்துக்கும் மூத்திரப் பாதை இருக்கும் நடுப்பகுதிக்கும் மாறி, அங்கே புதிய புண்ணும் மூத்திரக் கசிவும் நேர்ந்த அனுபவம் இந்த அளவைக் கற்றுக்கொடுத்தது.

மெல்லிய தோலை உரித்து வைக்கும் தோல் ஒட்டு இங்கே பெரும்பாலும் பயன்படாது. குழியை நிரப்பித் திண்டாக நிற்கும் கனமுள்ள சதை தேவைப்படுகிறது. தன் இரத்தக் குழாயோடு பெயர்த்து நகர்த்தப்படும் இத்தகைய திசுவுக்கு மடல் என்று பெயர். முதுகடி எலும்பின்மேல் வந்த புண்ணுக்குப் புட்டத்திலிருந்தும், இருக்கை எலும்புப் புண்ணுக்குத் தொடையின் பின்புறத்திலிருந்தும், தொடையெலும்பின் வெளிமுடிச்சில் வந்ததற்குத் தொடையின் வெளிப்புறத்திலிருந்தும் மடல் எடுப்பது வழக்கம். 1970களில் தோலோடு தசையையும் சேர்த்து நகர்த்துவது சிறந்ததாகக் கருதப்பட்டது. அழுத்தத்துக்கு முதலில் பலியாவது தசையே என்பதால் அக்கருத்து பின்னர் கேள்விக்குள்ளாகியது. தசையைத் துளைத்துத் தோலுக்கு வரும் சிறு குழாயை மட்டும் பிரித்தெடுத்து, தசையை அதன் இடத்திலேயே விட்டுவிடும் முறையை ஜப்பானிய மருத்துவர் கோஷிமா 1993இல் புட்டப் பகுதியில் செய்து காட்டினார். நடமாடக்கூடிய நோயாளிக்கு எழவும் படியேறவும் புட்டத்தசை வேண்டுமாதலால் இம்முறை அவருக்குப் பெரும் நன்மை.

ஆயினும் எந்த மடல் என்பதைவிட, அதை எப்படி வெட்டுவது என்பதில்தான் இந்தத் துறையின் தனித்திறன் வெளிப்படுகிறது. புண் மீண்டும் வருவது வழக்கமாகவே இருப்பதால், தேவைக்கு மேல் பெரிதாக மடலை வரைந்து, பிறிதொரு நாள் அதையே மேலும் சுழற்றி நகர்த்த இடம் விட்டும், தையல் கோடு எடை விழும் இடத்தில் அமையாமலும், பக்கத்து மடல்களின் இரத்த ஓட்டத்தைக் கெடுக்காமலும் வெட்டுகிறார்கள். இன்று செய்யும் அறுவையிலேயே அடுத்த அறுவைக்கும் திட்டமிடும் இந்த அடக்கம், மருத்துவத்தில் அதிகம் காணக்கிடைப்பதன்று.

அறுவைக்குப் பின் மூன்று முதல் ஆறு வாரம்வரை அந்தப் பக்கம் எடை விழாமல், காற்று மெத்தை போன்ற சிறப்புப் படுக்கையில் கிடக்கவேண்டும். இதற்கு இணங்கவோ, புரட்டிவிட ஆள் வைத்துக்கொள்ளவோ இயலாதவருக்கும், வேறு நோயால் இறுதிக்காலத்தில் இருப்பவருக்கும் அறுவையைத் தவிர்த்து, நாற்றமும் வலியும் தணியும்படி கட்டுப்போட்டு வருவதே பொருத்தம் என்று மருத்துவர்கள் முடிவெடுப்பது கைவிடுதல் ஆகாது. அறுவை செய்துகொண்டவர்கள் அந்த வாரங்கள் கழிந்ததும் முதலில் கால் மணி நேரம் மட்டுமே உட்காரவைக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் மடல் சோதிக்கப்பட்டு, நேரம் சிறுகச் சிறுகக் கூட்டப்படுகிறது. நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தின்மேல் அமர்த்தும் பழக்கம் விளிம்பில் அழுத்தத்தைக் கூட்டுவதால் கைவிடத்தக்கது. சக்கர நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்ளவும், நாள்தோறும் நீண்ட பிடியுள்ள கண்ணாடியால் தம் புட்டத்தைத் தாமே பார்த்துக்கொள்ளவும் கற்பிக்கப்படுகிறார். எழுந்த பின்னும் சிவப்பு மறையாமல் நின்றால், அது மறையும்வரை அவர் மீண்டும் உட்காரக்கூடாது.