இணையத்தில் கடைப் பெயர் காணாமற்போகும்போது

2025 தீபாவளியன்று, அதாவது அக்டோபர் 20ஆம் தேதி மதியம், உலகின் பல பகுதிகளில் ஏராளமான செயலிகளும் இணையதளங்களும் திடீரென்று நின்றுபோயின. அமேசான் நிறுவனம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடத்தும் கணிப்பொறி நிலையங்களில்தான் கோளாறு. ஆனால் அங்கே எந்த இயந்திரமும் எரிந்துபோகவில்லை. முக்கியமான ஒரு தகவல் கிடங்கின் பெயருக்கு நேரே இருக்க வேண்டிய எண், தானியங்கி ஏற்பாட்டில் நேர்ந்த குழப்பத்தால் அழிந்து, அந்த இடம் வெறுமையாகிவிட்டது. சரக்கு கிடங்கில் இருந்தது; விலாசம் கேட்டவர்களுக்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவு 9 மணி சுமாருக்கு வாட்ஸ்அப் நின்றது உறுப்பினர்கள் பலருக்கு நினைவிருக்கும். கடை சாத்திவிட்டு மறுநாள் சரக்குக்கு ஆர்டர் போடும் நேரம். பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளையால் பேஸ்புக் நிறுவனத்தின் உள் இணைப்புகள் அறுந்தன. அதைக் கண்ட அந்நிறுவனத்தின் நேம் சர்வர்கள், தாங்கள் இருக்கும் வழியை உலகுக்கு அறிவிப்பதைத் தாமாகவே நிறுத்திக்கொண்டன. சுமார் 6 மணி நேரம் வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் முகவரி இல்லாதவையாக இருந்தன.

பெரிய நிறுவனங்களுக்கு ஆள்படை உண்டு. நமக்கு 'வெப்சைட் போட்டுக் கொடுத்த தம்பி' ஒருவர்தான் உண்டு. அவர் போனை எடுக்காத நாளில் என்ன செய்வது? அதற்காகவாவது நேம் சர்வர் என்பது என்ன, அதில் எங்கே பிசகு வரும் என்று வணிகர்கள் ஓரளவு தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பெயரும் எண்ணும்

வெளியூர் லாரிக்காரர் ரங்கே கவுடர் வீதிக்கு வந்து, கடைப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்பார். கதவு எண் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கணிப்பொறிக்கு அப்படி முடியாது. அதற்கு எண் கட்டாயம் வேண்டும். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்குத்தான் டி.என்.எஸ். என்று பெயர். தொடக்க காலத்தில் எல்லாக் கணிப்பொறிகளின் பெயர்களும் எண்களும் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே பட்டியலாக இருந்தன. எண்ணிக்கை பெருகவே பட்டியல் தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற கணிப்பொறி அறிஞர் அதைப் பிரித்து, அவரவர் பகுதிக்கு அவரவரே கணக்கு எழுதும் முறையை வகுத்தார். இன்று வரை அதே முறைதான்.

உதாரணத்துக்கு உங்கள் இணையப் பெயர் 'நம்கடை டாட் இன்' என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் அதைத் தன் போனில் தட்டியதும், அவருடைய இணைய நிறுவனத்தின் சர்வர் முதலில் உலகத்துக்கே தலைமையாக உள்ள மூல சர்வர்களைக் கேட்கிறது. அவற்றுக்கு மொத்தம் 13 பெயர்கள். நகல்கள் உலகெங்கும் உள்ளன. அவை 'டாட் இன் சர்வரைக் கேள்' என்கின்றன. டாட் இன் சர்வர், 'நம்கடைக்கு இன்ன நேம் சர்வர்' என்கிறது. அந்த நேம் சர்வர்தான் கடைசியாக 192.0.2.10 என்பது போன்ற எண்ணைத் தருகிறது. கேட்ட சர்வர் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்து வருபவருக்கு அங்கேயே பதில் சொல்லிவிடும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது: அதிகாரம் வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாக இறங்கி வருகிறது. ரிசர்வ் வங்கி இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் பெயருக்கு மாற வேண்டும் என்று அது உத்தரவிட்டது. அந்தப் பெயர்களைப் பதிவு செய்து தரும் உரிமை ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்ற வங்கித் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. பேங்க் என்ற சொல்லுக்கு முன்னால் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளிக்குப் பதில் சிறு கோடு இருந்தாலோ, சொற்கள் ஒட்டி இருந்தாலோ அது யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பெயர்.

யார் பேரில் இருக்கிறது?

டாட் இன் பெயர்களை 2005 முதல் நிக்சி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. நாம் பெயர் வாங்குவது அதன் அங்கீகாரம் பெற்ற பதிவு ஏஜென்சியிடம். நேம் சர்வரை நடத்துபவர் வேறொருவராக இருக்கலாம். வெப்சைட் வைத்திருக்கும் கணிப்பொறி மூன்றாவது ஒருவருடையதாக இருக்கலாம். மூன்றும் ஒரே கம்பெனியிடம் இருந்தாலும் இவை மூன்று தனித்தனிச் சமாச்சாரங்கள். கோளாறு வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது இதைப் பொறுத்தது.

நாம் ஏமாறும் இடமும் இதுதான். கடை உரிமமும் ஜி.எஸ்.டி. பதிவும் நம் பேரில் இருக்கும். இணையப் பெயர் மட்டும் வெப்சைட் செய்தவரின் கணக்கில், அவருடைய மெயில் முகவரியில் பதிவாகியிருக்கும். அவர் வெளிநாடு போய்விட்டாலோ, பணத் தகராறு வந்தாலோ, பையிலும் பில்லிலும் அச்சடித்த பெயர் நம் கையில் இல்லை. ஏஜென்சியின் கணக்கு கடையின் பேரில், முதலாளியின் போன் நம்பரில் இருக்க வேண்டும். இன்னொரு நுணுக்கம்: அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மெயில் முகவரி அதே இணையப் பெயரில் இருக்கக் கூடாது. பெயர் முடங்கும் நாளில் அந்த மெயிலும் முடங்கும். பாஸ்வேர்டு மீட்கும் கடிதம் எங்கும் வந்து சேராது.

பேரேட்டில் என்ன இருக்கிறது

நேம் சர்வரில் உள்ளது ஒரு பேரேடு. அதில் 'ஏ' என்ற வரி வெப்சைட்டின் எண்ணைச் சொல்லும். 'எம்.எக்ஸ்.' வரி மெயிலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்லும். 'சி நேம்' என்பது ஒரு பெயருக்கு மறுபெயர். 'டி.எக்ஸ்.டி.' வரியில் குறிப்புகள் எழுதுவார்கள். எஸ்.பி.எஃப். என்ற குறிப்பு அதில் முக்கியமானது. நம் பெயரில் மெயில் அனுப்ப யார் யாருக்கு உரிமை என்று அது சொல்கிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இதில் கண்டிப்பு காட்டுகின்றன. அக்குறிப்பு ஒரு பெயருக்கு ஒன்றுதான் இருக்கலாம். பில்லிங் சாப்ட்வேர்காரர் ஒன்று, மெயில் கம்பெனி ஒன்று என்று இரண்டு வரி சேர்த்துவிட்டால் இரண்டுமே செல்லாது. நாம் அனுப்பும் கொட்டேஷன் வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டியில் போய் விழும்.

அதிகமாகப் பிசகுவது வெப்சைட்டை வேறு கம்பெனிக்கு மாற்றும் நாளில்தான். புதுக் கம்பெனிக்காரர், 'நேம் சர்வரை எங்களுடையதாக மாற்றிக் கொடுங்கள்' என்பார். மாற்றிக் கொடுப்போம். வெப்சைட் பளபளவென்று வரும். ஆனால் பழைய பேரேட்டில் இருந்த எம்.எக்ஸ். வரியைப் புதியதில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் விலை கேட்டு வெளி மாநிலத்திலிருந்து வரும் மெயில்கள் அன்றிலிருந்து நின்றுவிடும். ஆர்டர் குறைந்தால் சீசன் மந்தம் என்றுதான் நாம் நினைப்போம். நேம் சர்வர் ஞாபகத்துக்கே வராது. ஆகவே மாற்றுவதற்கு முன் பழைய பேரேட்டின் எல்லா வரிகளையும் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, புதியதில் ஒன்று விடாமல் எழுதச் சொல்ல வேண்டும். வெப்சைட் மட்டும்தான் இடம் மாறுகிறது என்றால் நேம் சர்வரைத் தொடவே வேண்டாம். 'ஏ' வரியில் எண்ணை மாற்றினால் போதும்.

மாற்றம் உடனே எல்லோருக்கும் தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் டி.டி.எல். என்ற காலக்கெடு விநாடிக் கணக்கில் உண்டு. 86400 என்று இருந்தால், பழைய எண்ணைக் குறித்து வைத்த சர்வர்கள் ஒரு நாள் முழுதும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் முன்பே அதை 300ஆகக் குறைத்துவிட்டால் 5 நிமிடத்தில் புது எண் பரவும். நேம் சர்வரையே மாற்றும்போது மேலே டாட் இன் சர்வரில் உள்ள கெடு நம் கையில் இல்லை. எப்படியும் பழைய இடத்து வெப்சைட்டை இரண்டு மூன்று நாள் நிறுத்தாமல் ஓடவிடுவதே பாதுகாப்பு. ஒரு மாத வாடகை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நாள் வியாபாரத்தை விடுவானேன்?

கோளாறு எங்கே?

வெப்சைட் வரவில்லை என்றால் முதலில் கடை வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். அதில் வந்தால் கோளாறு கடைக்குள்தான். வராவிட்டால் ஏஜென்சியின் கணக்கில் நுழைந்து பெயர் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் விண்டோஸ் கணிப்பொறியின் கறுப்புத் திரையில் 'என்எஸ்லுக்அப்' என்ற கட்டளையை அடித்து, இடைவெளி விட்டு உங்கள் பெயரையும், மறுபடி இடைவெளி விட்டு 8.8.8.8 என்றும் அடியுங்கள். கூகுளின் சர்வரைக் கேட்கும் முறை இது. சரியான எண் வந்தால் நேம் சர்வர் மேல் குற்றமில்லை. வெப்சைட் வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டியதுதான். பழைய எண் வந்தால் காத்திருக்கலாம். அப்படி ஒரு பெயரே இல்லை என்று வந்தால், பெயர் முடங்கியிருக்கலாம், அல்லது எழுத்துப் பிழை இருக்கலாம். சர்வர் தோல்வி என்று வந்தால் நேம் சர்வர் பதில் தரவில்லை, அல்லது டி.என்.எஸ்.செக் என்ற முத்திரை பொருந்தவில்லை. நேம் சர்வரை மாற்றிவிட்டு ஏஜென்சியிடம் பழைய முத்திரையை நீக்காமல் விட்டால் இப்படி ஆகும். இதில் வேடிக்கை, முத்திரை பார்க்காத இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு வெப்சைட் வரும், மற்றவருக்கு வராது.

எழுத்துப் பிழையை அலட்சியமாக நினைக்க வேண்டாம். மாஸ்டர்கார்டு நிறுவனத்தின் 5 நேம் சர்வர் வரிகளில் ஒன்றில் 'நெட்' என்பதன் கடைசி எழுத்து விடுபட்டு, நைஜர் நாட்டுக்குரிய முடிவாக மாறியிருந்தது. ஏறத்தாழ 5 ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் சுமார் 300 டாலர் கொடுத்து அந்தப் பிழையான பெயரைத் தாமே வாங்கி, திருடர் கையில் போகாமல் காத்தார். 2025 ஜனவரியில்தான் செய்தி வெளியே வந்தது.

கோளாறு கடைக்குள் என்றால் ரூட்டரைப் பாருங்கள். அதன் டி.என்.எஸ். கட்டத்தில் இணைய நிறுவனத்தின் எண்ணோ, 8.8.8.8 அல்லது 1.1.1.1 போன்ற அறிந்த எண்ணோ இருக்க வேண்டும். அறியாத எண் இருந்தால் உஷார். இந்த எண்ணை ரகசியமாக மாற்றும் ஒரு கிருமி லட்சக்கணக்கான கணிப்பொறிகளில் புகுந்திருந்ததை 2011இல் அமெரிக்க எஃப்.பி.ஐ. பிடித்தது. சரியான பெயரை அடித்தாலும் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும் வித்தை அது. ரூட்டர் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

கடையிலேயே சொந்தமாக நேம் சர்வர் வைக்கலாமா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். பைண்ட் என்ற சாப்ட்வேர் இலவசம்தான். ஆனால் குறைந்தது இரண்டு சர்வர், அதுவும் வெவ்வேறு இணைப்பில், மின்வெட்டிலும் ஓட வேண்டும். பேரேட்டைத் திருத்தும்போதெல்லாம் அதன் வரிசை எண்ணைக் கூட்ட வேண்டும், மறந்தால் இரண்டாவது சர்வர் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். மளிகைக் கடைக்கு இந்த வேலை வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

பெயரைப் புதுப்பிக்க மறப்பது பெரியவர்களுக்கும் நேர்ந்ததுதான். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 35 டாலர் கட்டாததால் ஹாட்மெயிலுக்குள் பலர் நுழைய முடியாமல் தவித்தார்கள். முன்பின் தெரியாத ஒரு புரோகிராமர் தன் கையிலிருந்து பணத்தைக் கட்டினார். டாட் காம் பெயர் ஏஜென்சியால் நீக்கப்பட்டபின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதற்குக் கட்டணம் அதிகம். பிறகு 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குக் கட்டி வைக்கலாம். தராசு முத்திரை, உணவு உரிமம் ஆகியவற்றின் தேதிகளை எழுதும் நோட்டிலேயே இந்தத் தேதியையும் எழுதி வையுங்கள். புதுப்பிக்கச் சொல்லி மெயிலில் வரும் பில்களில் போலிகளும் உண்டு. ஏஜென்சியின் கணக்கில் நாமே நுழைந்து, தேதியைச் சரிபார்த்து, அங்கேயே பணம் கட்ட வேண்டும்.