உளியும் முட்காடும்

சின்னசேலத்தில் மீட்டர்கேஜ் ரயில் ஓடிய நாட்களில் கல்வராயன் மலைக்குப் போய்வருவது ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. 1976 வரை மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் விளைந்ததைத் தலைச்சுமையாகவே அடிவாரத்துக்கு இறக்கினார்கள். இன்று காலையில் பைக்கை எடுத்தால் கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணை, வெள்ளிமலை, மேகம் அருவி எல்லாம் பார்த்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.

எல்லோரும் அருவிக்கே பறக்கிறார்கள். அடிவாரத்து முட்காட்டில் வண்டியை நிறுத்துவோர் அரிது. மணல் பாலைவனம் நமக்கு இல்லை. காரையும் சூரையும் உடைமரமும் மண்டிய இந்தக் காடுதான் எங்கள் வறள்நிலம். வெயில் ஏறுமுன் போனால் கௌதாரி கத்துவது கேட்கும், பாறை இடுக்கில் உடும்பு தெரியும். முன்பெல்லாம் மயில் பார்க்கவும் இங்கேதான் வருவோம். இப்போது அது ஊர்ப்பக்கத்து மக்காச்சோளக் கொல்லையிலேயே மேய்கிறது. விதைத்தவர் விரட்டி அலுத்துப்போகிறார். வெறும் புதர்தானே என்று இந்தக் காட்டை வெட்டிச் சாய்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அதே மயிலைக் கீழே மரச்சிற்பப் பட்டறையிலும் பார்க்கலாம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரத்துக் கைவேலை இது. அன்று தேர், வாகனம், கோயில் கதவு என்று கோயிலை நம்பியே உளி நடந்தது. இன்று பூஜையறைக் கதவும் வரவேற்பறைப் பிள்ளையாரும்தான் அதிகம். 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வாகைப் பலகையில் தோகை எழும்புவதை நின்று பார்க்க வேண்டும். பென்சில் கோட்டின்மேல் உளியை வைத்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டுகிறார் ஆசாரி. மரத்தின் ரேகை திரும்புகிற இடத்தில் உளியையும் திருப்புகிறார். தவறினால் சிம்பு பெயர்ந்து அரைநாள் வேலை வீண். ஒவ்வொரு தோகைக் கண்ணும் சற்றே வேறு ஆழம். கணினி இயந்திரமும் இதே தோகையைச் செதுக்குகிறது, வேகமாக, மலிவாக. கண்களெல்லாம் ஒரே அச்சு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். ஆனால் கடையில் அப்படி வைத்துக் காட்டுவதில்லை. மலையிலிருந்து இறங்குகிறவர்கள் அரைமணி நேரம் பட்டறையில் நிற்கட்டும். வாங்குமுன், இது கைவேலைதானா என்று கேட்கட்டும். ஆமென்றால் பேரம் பேசாமல் கொடுக்கட்டும்.